தகரம் வாங்குவதற்கு முன்னால்: ஆராய்ச்சி நூலகத்தைப் புது முயற்சிக்குப் பயன்படுத்துவது எப்படி

முருங்கைக்கீரையைப் பச்சை நிறம் போகாமல் காய வைத்து, பொடியாக்கி விற்க வேண்டும், அதற்கு ஒரு சூரிய உலர்த்தி செய்ய வேண்டும் என்று ஒருவர் நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பட்டறை வேலை தெரிந்தவர், கையில் கொஞ்சம் பணமும் இருக்கிறது. அடுத்து என்ன செய்வார்? யூடியூபில் நாலு வீடியோ பார்ப்பார், நேராகப் போய்த் தகரமும் கண்ணாடியும் வாங்குவார். அந்த இரண்டுக்கும் நடுவில் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். உலர்த்தி ஒரு உதாரணம்தான். நீங்கள் செய்யப்போவது நீர் வடிகட்டியோ, தறிக்கு ஒரு சென்சாரோ, கடைசி வருட புராஜெக்டோ, எதுவானாலும் வழி இதேதான்.

யோசனை எங்கே வேண்டுமானாலும் வரும், டீக்கடை பெஞ்சில்கூட வரும். அதற்கு நூலகம் தேவையில்லை. ஆராய்ச்சி நூலகத்தில் தெரியவருவது, உங்கள் யோசனையில் எந்தப் பகுதியை ஏற்கெனவே யாரோ செய்து முடித்துவிட்டார்கள், எந்த இடத்தில் எல்லோரும் வழுக்கி விழுந்திருக்கிறார்கள், எந்த மூலையை இன்னும் யாரும் தொடவில்லை என்பது. அந்தத் தொடாத மூலைதான் உங்களுடைய இடம். அதைத் தெரிந்துகொள்ளாமல் தகரம் வெட்டினால், எப்போதோ ஒரு பல்கலைக்கழகம் செய்து பார்த்து ஓரம் கட்டிய பெட்டியை நீங்கள் சொந்தச் செலவில் இன்னொரு தடவை செய்துகொண்டிருப்பீர்கள்.

உள்ளே போவது

சென்னையில் இருப்பவர்கள் கன்னிமாராவிலும் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் தொடங்கலாம், மதுரைப் பக்கம் என்றால் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம். கன்னிமாரா 1896-ல் திறந்தது. இந்தியாவில் அச்சாகும் நூல்களின் பிரதி சட்டப்படி வந்து சேரும் நாலு நூலகங்களில் அது ஒன்று, அதனால் வேறெங்கும் கிடைக்காத பழைய இந்திய வெளியீடுகள் அங்கே கிடைக்க வாய்ப்பு உண்டு. அடிப்படைப் பாடநூல், கையேடு, துறை அறிமுகம், இதெல்லாம் இந்த மூன்றிலேயே முடித்துவிடலாம்.

ஆனால் ஆய்விதழ் சந்தா, ஆய்வேடுகள், பழைய இதழ்களின் பைண்டு செய்த தொகுதிகள், துறையைத் தெரிந்த நூலகர் எல்லாம் வேண்டும் என்றால் பல்கலைக்கழகத்துக்கோ ஆராய்ச்சி நிறுவனத்துக்கோதான் போக வேண்டும். நம்முடைய உலர்த்திக்கு எங்கே போகலாம்? கோவை வேளாண் பல்கலைக்கழகம், தஞ்சாவூரில் உள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்டெம், மைசூருவில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனமான சிஎஃப்டிஆர்ஐ. தோல் சம்பந்தமான வேலை என்றால் அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனமான சிஎல்ஆர்ஐ இருக்கிறது. முதல் கேள்வியே "என் பொருளை யார் தொழிலாகவே ஆராய்ச்சி செய்கிறார்கள்" என்பதாக இருக்கட்டும். பெரிய நூலகத்தைவிடப் பொருத்தமான சின்ன நூலகம் பல சமயம் கூடுதலாக உதவும்.

வெளியாள் உள்ளே வரலாமா என்பது இடத்துக்கு இடம் மாறும். சில இடங்களில் நாள் கட்டணம், சில இடங்களில் ஒரு நிறுவனத்தின் கடிதம், சில இடங்களில் முன்னாள் மாணவர் அட்டை போதும். போன் போட்டுக் கேட்டுவிட்டுப் போங்கள். மின்னஞ்சல் எழுதினால் "நூலகத்தைப் பார்வையிட அனுமதி வேண்டும்" என்று மொட்டையாக எழுதாதீர்கள், அது சுற்றுலாக் கடிதம் மாதிரி இருக்கும். என்ன செய்கிறீர்கள், எந்தத் துறை இதழ்கள் அல்லது ஆய்வேடுகள் வேண்டும், எத்தனை நாள் உட்காருவீர்கள் என்று எழுதுங்கள். இப்படி எழுதிய கடிதத்துக்கு மறுப்பு வருவது கஷ்டம், ஏனென்றால் அதைப் படிக்கிற நூலகருக்கே ஒரு ஆர்வம் வந்துவிடும்.

இன்னொன்று. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த "ஒரே நாடு ஒரே சந்தா" திட்டம் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 மின்னிதழ்கள். 6,300-க்கும் மேற்பட்ட அரசு உயர்கல்வி நிறுவனங்களும் மத்திய அரசு ஆய்வு நிறுவனங்களும் இதில் வருகின்றன. அதாவது ஐஐடி மாணவருக்குத் திறக்கிற இதழ் இப்போது ஒரு மாவட்டத் தலைநகர அரசுக் கல்லூரி மாணவருக்கும் திறக்கும். நீங்கள் அப்படி ஒரு கல்லூரியில் படிக்கிறீர்கள் என்றால் உங்கள் நூலகரிடம் இன்றே கேளுங்கள், பல பேருக்கு இது இருப்பதே தெரியாது. வெளியாளாக இருந்தால் தெரிந்த மாணவரின் பாஸ்வேர்டை வாங்காதீர்கள், உரிமம் மீறியதாக அந்தக் கல்லூரிக்கே சிக்கல் வரும். அதற்குப் பதில், நேரில் வந்து நூலகத்துக்குள் உட்கார்ந்து படிப்பவர்களை உரிமம் அனுமதிக்கிறதா என்று கேளுங்கள். சில பதிப்பக ஒப்பந்தங்களில் அந்த விதி உண்டு.

நூலகரிடம் கேட்பது ஒரு கலை

நம்மில் பாதிப் பேர் நூலகரைப் புத்தகம் எடுத்துக் கொடுப்பவர், முத்திரை குத்துபவர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆராய்ச்சி நூலகத்தில் இருப்பவர் தேடுவதையே படிப்பாகப் படித்து வந்தவர். சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் கணித ஆசிரியராக இருந்து 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர், 1931-ல் அவர் வகுத்த ஐந்து விதிகளில் நாலாவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. அந்த மரபில் வந்தவரிடம்தான் நீங்கள் பேசுகிறீர்கள், அதனால் அவருக்கு வேலை கொடுக்கத் தயங்காதீர்கள்.

"சார், டிரையர் பத்தி புக் இருக்கா?" என்று கேட்டால் அலமாரியைக் காட்டுவார், அதோடு சரி. இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "மேடம், முருங்கை இலையை 60 டிகிரிக்குக் கீழே காய வைக்கணும், நிறம் போகக் கூடாது, வெயில்லயே நடக்கணும். நான் இந்த ரெண்டு கட்டுரை பார்த்துட்டேன், ரெண்டுலயும் காற்று வேகம் பத்தித் தகவல் இல்லை. இதுக்கு எங்கே தேடலாம்?" எதைச் செய்யப் போகிறீர்கள், எது வரை பார்த்தீர்கள், எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறீர்கள், இந்த மூன்றும் ஒரு கேள்வியில் வந்துவிட வேண்டும். அப்புறம் நூலகர் உங்களைத் திருப்பிக் கேள்வி கேட்க ஆரம்பிப்பார். அந்தக் கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள், அவற்றில் பாதி உங்களுக்கே தோன்றாதவையாக இருக்கும்.

அலமாரியும் முக்கியம். புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் போட்டு அடுக்கும் டூயி (Dewey) எண்முறையில் உணவுத் தொழில்நுட்பம் 664-ல் இருக்கும், வேதிப் பொறியியலில் வரும் உலர்த்துதல் 660.2-ல், சூரிய ஆற்றல் பொறியியல் 621.47-ல். மூன்றும் வேறு வேறு வரிசை, சில நூலகங்களில் வேறு வேறு மாடி. கணினிப் பட்டியலில் ஒரு புத்தகத்தைக் கண்டுபிடித்துப் போய் எடுத்துவிட்டுத் திரும்பிவிடாமல், அதற்கு இரண்டு பக்கமும் ஒரு முழம் தூரம் இருப்பதைப் புரட்டிப் பாருங்கள். தேடல் பெட்டி நீங்கள் கேட்டதை மட்டும்தான் தரும், அலமாரி கேட்கத் தெரியாததையும் தரும்.

எந்தப் பெயரில் தேடுவது

தேடல் தோற்பதற்குப் பெரும்பாலும் காரணம், நீங்கள் ஒரு பெயரில் தேடுகிறீர்கள், ஆராய்ச்சிக்காரர்கள் வேறு பெயரில் எழுதி வைத்திருக்கிறார்கள். "முருங்கைக்கீரை டிரையர்" என்று கூகுளில் போட்டால் விற்பனை விளம்பரம்தான் வரும். தாவரத்தின் அறிவியல் பெயர் மொரிங்கா ஒலிஃபெரா, இந்தியக் கட்டுரைகள் சில டிரம்ஸ்டிக் லீவ்ஸ் என்றும் எழுதும். உலர்த்துதல் பற்றி எழுதுகிறவர்கள் தின் லேயர் டிரையிங் (மெல்லிய அடுக்காகப் பரப்பிக் காய வைப்பது), டிரையிங் கைனெடிக்ஸ் (எந்த வேகத்தில் காய்கிறது என்பது) என்பார்கள். நிறம் காக்க இலையைக் கொஞ்ச நேரம் வெந்நீரிலோ ஆவியிலோ காட்டி எடுப்பதற்குப் பிளான்சிங் என்று பெயர். பொடி கெடுமா கெடாதா என்பதைத் தீர்மானிப்பது ஈரப்பத சதவீதத்தைவிட வாட்டர் ஆக்டிவிட்டி என்ற அளவு, அதாவது நுண்ணுயிர்கள் பயன்படுத்தக்கூடிய நீர் எவ்வளவு என்பதை 0 முதல் 1 வரை சொல்லும் எண், அது 0.6-க்குக் கீழே போய்விட்டால் பூஞ்சை முதலான நுண்ணுயிர்கள் வளராது. இந்த ஒரு சொல் தெரிந்ததுமே உங்கள் உலர்த்தி எட்ட வேண்டிய இலக்கு என்ன என்பதும் தெரிந்துவிடுகிறது.

இந்தப் பெயர்களைப் பிடிக்கக் குறுக்குவழி உண்டு. உங்கள் பொருள் பற்றி வந்த ஒரு மறுஆய்வுக் கட்டுரையை, அதாவது ரிவ்யூ ஆர்டிகிளை, முதலில் தேடுங்கள். ஒரு துறையில் அதுவரை வந்த கட்டுரைகளை எல்லாம் ஒருவர் படித்துத் தொகுத்து எழுதியது அது. முதல் வாசிப்பில் சூத்திரங்களைத் தாண்டிப் போய்விடுங்கள், திறவுச்சொற்களையும் அட்டவணைகளையும் கடைசிப் பகுதியையும் மட்டும் பாருங்கள். பிறகு அதிலிருந்து இரண்டு பக்கமும் நடக்கலாம். பின்னோக்கி நடப்பது, அந்தக் கட்டுரை யாரை எல்லாம் மேற்கோள் காட்டுகிறது என்று பார்ப்பது. முன்னோக்கி நடப்பது, அதற்குப் பிறகு வந்தவர்களில் யார் அதை மேற்கோள் காட்டினார்கள் என்று பார்ப்பது. கூகுள் ஸ்காலரில் ஒவ்வொரு கட்டுரைக்கும் கீழே இருக்கும் "சைட்டட் பை" அதற்குத்தான். யூஜீன் கார்ஃபீல்ட் 1955-ல் இந்த யோசனையை எழுதி, 1964-ல் அறிவியல் மேற்கோள் அட்டவணையாகவே கொண்டுவந்தார். நூலகத்தில் ஸ்கோபஸ் அல்லது வெப் ஆஃப் சயின்ஸ் என்ற சந்தா தரவுத்தளம் இருந்தால் அங்கே இன்னும் சுத்தமாகக் கிடைக்கும்.

கட்டுரை பூட்டியிருந்தால் 30, 40 டாலர் கட்டாதீர்கள். அன்பேவால் என்ற நீட்டிப்பை உலாவியில் போட்டுக்கொண்டால் இலவசமாக எங்கேயாவது சட்டப்படி கிடக்கும் பிரதியைக் காட்டும். இல்லையென்றால் ஆசிரியருக்கே இரண்டு வரி எழுதுங்கள், தன் கட்டுரையை ஒருவர் கேட்டுப் படிக்கிறார் என்றால் அனுப்பாத ஆராய்ச்சியாளர் குறைவு. அதுவும் நடக்கவில்லையா, டெல்நெட் போன்ற கூட்டமைப்பில் இருக்கும் நூலகம் இன்னொரு நூலகத்திலிருந்து வரவழைத்துத் தரும். நூலகரிடம் ஐஎல்எல் (இன்டர் லைப்ரரி லோன்) என்று சொன்னால் போதும்.

அரை மணி நேரக் கணக்கு

இந்தப் பகுதிக்காகத்தான் நான் எல்லோரையும் நூலகத்துக்குப் போகச் சொல்வது. பொறியியல் கையேடு ஒன்றை எடுத்து உட்காருங்கள், பேனா காகிதம் போதும்.

100 கிலோ பச்சை இலை. அதில் 80 சதவீதம் நீர் என்று வைத்தால் உலர்ந்த பொருள் 20 கிலோ. 8 சதவீத ஈரத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்றால் கடைசி எடை 20-ஐ 0.92-ஆல் வகுத்தது, அதாவது 21.7 கிலோ. ஆக, ஆவியாக வேண்டிய நீர் 78 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. ஒரு கிலோ நீரை ஆவியாக்க உத்தேசமாக 2.4 மெகாஜூல் என்று கையேட்டு அட்டவணை சொல்லும். பெருக்கினால் 188 மெகாஜூல், நம் மின்கட்டண மொழியில் 52 யூனிட். நம் ஊர் நல்ல வெயிலில் ஒரு சதுர மீட்டரில் ஒரு நாளைக்குச் சுமார் 5 யூனிட் விழும். உங்கள் உலர்த்தி அதில் 30 சதவீதத்தைப் பயன்படுத்துகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் 1.5 யூனிட்தான். 52-ஐ 1.5-ஆல் வகுங்கள். கிட்டத்தட்ட 35 சதுர மீட்டர் கண்ணாடி வேண்டும்.

2 சதுர மீட்டர் பெட்டியில் ஒரு நாளைக்கு ஐந்தாறு கிலோ பச்சை இலைக்கு மேல் போகாது என்பது இதிலிருந்தே தெரிகிறது, பொடியாகக் கிடைப்பது ஒரு கிலோவைச் சுற்றி. இந்தக் கணக்கைப் போடாமல் "தினம் 100 கிலோ" என்று வங்கிக்குத் திட்ட அறிக்கை கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். 35 சதுர மீட்டருக்கு மாடியில் இடம் இருக்கிறதா, இல்லை விறகு அல்லது மின்சாரத்தைத் துணைக்குச் சேர்க்க வேண்டுமா என்ற கேள்வி தகரம் வாங்குவதற்கு முன்னாலேயே வந்துவிட்டது பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஆய்வுக் கட்டுரைகளில் ஈரப்பதத்தை இரண்டு விதமாக எழுதுவார்கள். மொத்த எடையில் 80 சதவீதம் நீர் என்பதும், உலர்பொருள் எடையோடு ஒப்பிட்டு 400 சதவீதம் என்பதும் ஒரே இலைதான். வெட் பேசிஸா, டிரை பேசிஸா என்று பார்க்காமல் எண்ணைத் தூக்கிக்கொண்டு வந்தால் மொத்தக் கணக்கும் கவிழும்.

ஆய்வேடுகளைக் கடைசியிலிருந்து படியுங்கள்

ஆய்விதழ்க் கட்டுரை பெரும்பாலும் வென்ற கதையைத்தான் சொல்லும், அதுவும் எட்டுப் பத்துப் பக்கத்துக்குள். தோற்றது, பாதியில் விட்டது, உபகரணத்தை எந்த அளவில் வெட்டினார்கள், வெப்பநிலை அளக்கும் தெர்மோகப்பிளை எங்கே வைத்தார்கள், விசிறி எத்தனை வாட், இதெல்லாம் ஆய்வேட்டில்தான் இருக்கும். எனக்குத் தெரிந்து புது முயற்சிக்காரர்கள் அதிகம் ஒதுக்குவதும் இதைத்தான், தடியாக இருக்கிறது, மாணவர் எழுதியதுதானே என்று.

மாணவர் எழுதியதுதான். மிளகாயோ மீனோ கீரையோ எதைக் காய வைத்தாலும் ஆராய்ச்சிக் கட்டுரைகளில் நேரம் போகப் போக ஈரம் எப்படிக் குறைகிறது என்று சொல்லும் பேஜ் சமன்பாடு என்று ஒன்று வந்து நிற்கும். அது 1949-ல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் உதிர்த்த மக்காச்சோளத்தைக் காற்றில் காய வைப்பது பற்றி எழுதப்பட்ட ஒரு முதுநிலை ஆய்வேட்டிலிருந்து வருகிறது. முனைவர் பட்டம்கூட இல்லை. இன்றுவரை உலகம் முழுக்க உலர்த்தி செய்கிறவர்கள் அந்த ஆய்வேட்டைத்தான் மேற்கோள் காட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்திய முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு இன்ஃப்ளிப்நெட் என்ற மத்திய அரசு மையம் நடத்தும் சோத்கங்கா இணையதளம், வேளாண்மைப் பல்கலைக்கழக ஆய்வேடுகளுக்குக் கிருஷிகோஷ். இரண்டும் இலவசம், வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஆனால் முதுநிலை ஆய்வேடுகள் எல்லாம் இணையத்துக்கு வந்துவிடவில்லை, அவற்றுக்காக நேரில் போய்ப் பழைய பட்டியலைப் பார்க்க வேண்டியிருக்கும், போகலாம், பலன் உண்டு. கையில் கிடைத்ததும் முதல் அத்தியாயத்திலிருந்து ஆரம்பிக்காதீர்கள். கடைசி அத்தியாயத்தில் "மேலும் ஆய்வு செய்ய வேண்டியவை" என்று ஒரு பகுதி இருக்கும். நாலைந்து வருடம் ஒரே பொருளோடு குடும்பம் நடத்திய ஒருவர், நேரமோ பணமோ இல்லாமல் விட்டுப்போன வேலைகளை அங்கே எழுதி வைத்திருப்பார். அடுத்து பின்னிணைப்புக்குப் போங்கள், மூலத் தரவும் வரைபடமும் அங்கே இருக்கும். நடுப் பகுதியைத் தேவைப்பட்டால் படிக்கலாம்.

காப்புரிமை ஆவணங்கள்

வழக்கறிஞர்களுக்கான சமாச்சாரம் என்று இதை விட்டுவிடுகிறார்கள். உண்மையில் இது உலகின் பெரிய இலவசத் தொழில்நுட்ப வரைபடத் தொகுப்பு. தேட வேண்டிய இணையதளங்கள் எஸ்பாசெநெட், பேட்டன்ட்ஸ்கோப், கூகுள் பேட்டன்ட்ஸ், இந்தியாவுக்கு இன்பாஸ். சொல்லை வைத்துத் தேடினால் நிறைய விட்டுப்போகும், ஏனென்றால் காப்புரிமை எழுதுகிறவர் உலர்த்தியை "ஈரம் அகற்றும் அமைப்பு" என்றுகூட எழுதுவார். அதனால் காப்புரிமைகளைத் துறைவாரியாகப் பிரிக்கும் ஐபிசி என்ற சர்வதேச வகைப்பாட்டு எண்ணைப் பிடியுங்கள். திடப்பொருள்களை உலர்த்துவது எஃப்26பி, அதற்குள் வெயில் போன்ற கதிர்வீச்சால் உலர்த்துவது 3/28. இந்த எண்ணைப் போட்டால் ஜப்பானிய மொழியில் எழுதியதும் வந்து விழும், படம் எல்லா மொழியிலும் படம்தானே.

ஒவ்வொரு ஆவணத்திலும் முன்பகுதியைப் படியுங்கள். முன்பு இருந்த கருவிகளில் என்ன கோளாறு என்று அங்கே எழுதியிருப்பார்கள், தன்னுடையது உயர்த்தி என்று காட்ட வேண்டுமே. அப்புறம் கிளெய்ம்ஸ் பகுதி, அவர் எதற்கு உரிமை கோருகிறார் என்பது அங்கேதான் இருக்கிறது. படத்தைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம், படத்தில் இருப்பதெல்லாம் அவருடைய உரிமை இல்லை. காப்புரிமை விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு, ஆண்டுக் கட்டணம் கட்டாவிட்டால் அதற்கு முன்பே காலாவதியாகும். அந்தந்த நாட்டில் பதிந்தால்தான் அந்தந்த நாட்டில் செல்லும். அதாவது அமெரிக்காவில் மட்டும் பதிந்து, இந்தியாவில் பதியாத ஒன்றை இங்கே நீங்கள் செய்து விற்கத் தடை இல்லை, அங்கே ஏற்றுமதி செய்தால்தான் பிரச்சினை. இந்தியாவில் உயிரோடு இருக்கிறதா என்று இன்பாஸ் பதிவேட்டில் பார்க்கலாம். சந்தேகம் இருந்தால் பணம் போடுவதற்கு முன் ஒரு காப்புரிமை முகவரிடம் காட்டிவிடுங்கள். தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தில் காப்புரிமைத் தகவல் மையம் ஒன்றும் இருக்கிறது.

மஞ்சள் கதை நினைவிருக்கும். காயத்துக்கு மஞ்சள் போடுவதற்கு 1995-ல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்துவிட்டார்கள். இந்திய அரசின் அறிவியல் ஆராய்ச்சி அமைப்பான சிஎஸ்ஐஆர் எதிர்த்து, 1997-ல் அது ரத்தானது. "எங்க பாட்டி போட்டாங்க" என்ற வாதம் அங்கே எடுபடாது, அச்சில் இருக்கும் சான்று வேண்டும். பழைய நூல்களோடு, 1953-ல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த ஒரு கட்டுரையும் சான்றாகப் போனது. யாரோ ஒரு நூலகம் அந்தப் பழைய தொகுதியை எடைக்குப் போடாமல் வைத்திருந்ததால் நடந்தது அது.

பக்கத்துத் துறையில் திருடுங்கள்

சட்டப்படியான திருட்டுதான். கீரை உலர்த்துவது பற்றிக் கீரைக்காரர்கள் எழுதியதை மட்டும் படித்தால் கீரைக்காரர்கள் போன இடத்துக்குத்தான் போவீர்கள். இலையைக் காய வைப்பதில் பல தலைமுறை அனுபவமும் ஆராய்ச்சிப் பணமும் உள்ளவர்கள் யார்? தேயிலைக்காரர்களும் புகையிலைக்காரர்களும். தேயிலைக்கு வால்பாறையில் உபாசி என்ற தென்னிந்தியத் தோட்ட உரிமையாளர் சங்கத்தின் ஆராய்ச்சி நிலையம், புகையிலைக்கு வேடசந்தூரில் ஒன்று. இலையை அடுக்கும் கனம், காற்றை மேலிருந்து விடுவதா கீழிருந்து விடுவதா என்பதெல்லாம் அவர்கள் எப்போதோ அடித்துப் பிடித்துப் பார்த்தவை. அவற்றை முருங்கைக்குக் கொண்டுவந்து பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று தேடுங்கள், உங்கள் மூலை அங்கே இருக்கலாம்.

இதற்குத் தெளிவான உதாரணம் டான் ஸ்வான்சன். சிகாகோ பல்கலைக்கழகத்தில் நூலகவியல் பேராசிரியர். 1986-ல் இரண்டு தொகுதிக் கட்டுரைகளைப் பக்கத்தில் வைத்துப் படித்தார். ஒன்று, மீன் எண்ணெய் இரத்தத்தின் பிசுபிசுப்பைக் குறைக்கிறது என்று சொல்லும் கட்டுரைகள். மற்றது, குளிரில் விரல்கள் வெளுத்துப்போகும் ரேனோ நோய் பற்றியவை, அந்த நோயாளிகளின் இரத்தத்தில் பிசுபிசுப்பு அதிகம் என்று அவை சொல்லின. இந்தக் கூட்டமும் அந்தக் கூட்டமும் ஒன்றையொன்று மேற்கோள் காட்டவே இல்லை. மீன் எண்ணெய் இந்த நோய்க்கு உதவலாம் என்று அவர் எழுதினார், பிறகு நடந்த மருத்துவச் சோதனை அதற்குச் சாதகமாக வந்தது. சோதனைக்கூடத்தில் கால் வைக்காமல், வெறும் படிப்பில் வந்த கண்டுபிடிப்பு.

ஜெராக்ஸும் அப்படித்தான் வந்தது. செஸ்டர் கார்ல்சன் காப்புரிமை வேலை பார்த்தவர், நூலகத்தில் சட்டப் புத்தகங்களைக் கையால் எழுதி எழுதி நொந்துபோனவர். நகலெடுக்கும் கருவி வேண்டும் என்று நினைத்தபோது புகைப்பட வேதியியல் பக்கம் போகவில்லை, அங்கே பெரிய கம்பெனிகளின் ஆய்வகங்கள் ஏற்கெனவே தோண்டிக்கொண்டிருக்கும் என்று யோசித்தார். நியூயார்க் பொது நூலகத்தில் தேடி, ஒளி பட்டால் மின்கடத்தும் தன்மை மாறும் பொருள்களைப் பற்றிப் படித்தார், பால் செலேனி என்ற ஹங்கேரிய இயற்பியலாளரின் கட்டுரைகள் கையில் சிக்கின. 1938 அக்டோபர் 22-ல் நியூயார்க்கின் அஸ்டோரியா பகுதியில் முதல் நகல் விழுந்தது. தொழில் வெற்றி தந்த ஜெராக்ஸ் 914 இயந்திரம் வர 1959 ஆனது, அதையும் சொல்லிவிட வேண்டும். நூலகம் வழியைக் காட்டியது, அந்த வழியில் இருபது வருடம் நடக்க வேண்டியிருந்தது.

எதை நம்புவது, எப்படிக் குறித்து வைப்பது

காசு வாங்கிக்கொண்டு எதையும் போடும் இதழ்கள் நிறைய முளைத்துவிட்டன. ஒரு கட்டுரையில் எத்தனை முறை சோதனை செய்தார்கள், ஒப்பிட ஒரு கட்டுப்பாட்டு மாதிரி வைத்தார்களா, வெளியே எத்தனை டிகிரி வெயிலில் செய்தார்கள் என்று எதுவும் இல்லாமல் "திறன் 40 சதவீதம் உயர்ந்தது" என்று மட்டும் இருந்தால் ஒதுக்கிவிடுங்கள். திரும்பப் பெறப்பட்ட கட்டுரையா என்றும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். சாட்ஜிபிடியிடம் கேட்டுத் தேடலைத் தொடங்கலாம், தப்பில்லை, ஆனால் அது தரும் மேற்கோள்களில் பிறக்காத கட்டுரைகளும் இருக்கும், அதனால் ஒவ்வொன்றையும் கட்டுரையின் நிரந்தர அடையாளமான டிஓஐ எண் வைத்தோ நூலகப் பட்டியலிலோ சரிபார்க்காமல் ஒரு வரிகூட எடுக்காதீர்கள்.

குறிப்பேட்டில் இரண்டு பகுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் எந்தச் சொல்லை எங்கே என்றைக்குத் தேடினீர்கள், ஒன்றும் வரவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். "இங்கே தேடினேன், இல்லை" என்பதும் தகவல்தான், காப்புரிமைக்குப் போகும்போது முகவர் முதலில் அதைத்தான் கேட்பார். இன்னொன்றில் அட்டவணை: வெப்பநிலை, காற்று வேகம், இலை அடுக்கின் கனம், நேரம், கடைசி ஈரம், நிறம். பத்துக் கட்டுரையை இப்படி ஒரே அட்டவணையில் இறக்கினால் எந்தக் கட்டம் எல்லா வரிசையிலும் காலியாக இருக்கிறது என்று கண்ணுக்கே தெரியும்.

இந்தியத் தரநிலைகளையும் மறக்காதீர்கள், அவற்றை வகுக்கும் அரசு அமைப்பான பிஐஎஸ் தளத்தில் பதிவு செய்துகொண்டு இலவசமாக இறக்கலாம். செய்து முடித்த பிறகு தரநிலைக்கு ஏற்ற மாதிரி மாற்றுவது பெரிய செலவு.

சொந்த ரகசியத்தை நீங்களே உடைக்காதீர்கள்

காப்புரிமை எண்ணம் இருந்தால் விண்ணப்பிக்கும் வரை கருவியின் சூட்சுமத்தை வெளியிடாதீர்கள். வீடியோ, கண்காட்சி, மாநாட்டுக் கட்டுரை எல்லாமே சிக்கல்தான், விதிவிலக்குகள் மிகக் குறுகியவை. மாணவர்களுக்குச் சொல்கிறேன், ஆய்வேடும் இதில் சேர்த்தி. 1986-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு காப்புரிமை விண்ணப்பத்தை நிராகரித்தது சரி என்றது. காரணம், ஜெர்மனியின் ஃப்ரைபர்க் பல்கலைக்கழக நூலகத்தில் பட்டியலிட்டு வைத்திருந்த ஒரே ஒரு ஆய்வேட்டுப் பிரதி. 1989-ல் வேறு வழக்கு, ரீட் கல்லூரியின் இளநிலை ஆய்வேடுகள். அவை பொருள்வாரியாகப் பட்டியலிடப்படவில்லை, மாணவர் பெயர் வரிசையில் அட்டைகள் ஒரு ஷூ பெட்டியில் கிடந்தன, அதனால் பொதுமக்கள் கண்டுபிடிக்க முடியாதவை என்று அதே நீதிமன்றம் அவற்றைக் கணக்கில் எடுக்கவில்லை. நூலகர் போடும் ஒரு பட்டியல் வரிக்கு எவ்வளவு எடை இருக்கிறது பாருங்கள். வழிகாட்டிப் பேராசிரியரிடம் பேசி, ஆய்வேடு நூலகத்துக்குப் போவதற்கு முன்னால் தற்காலிக விண்ணப்பத்தையாவது போட்டுவிடுங்கள். அதன் பிறகு முழு விண்ணப்பத்துக்கு 12 மாத அவகாசம் கிடைக்கும்.

கடைசியாக, வேலை ஆரம்பித்துவிட்டது என்பதற்காகத் தேடலை நிறுத்தாதீர்கள். நல்ல கட்டுரை ஒவ்வொன்றுக்கும் கூகுள் ஸ்காலரில் அலர்ட் வைத்துவிட்டால், யாராவது அதை மேற்கோள் காட்டும்போது மின்னஞ்சல் வரும். இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் இதழ் வாரா வாரம் வெள்ளிக்கிழமை இணையத்தில் வெளியாகிறது, பொதுவாக 18 மாதத்துக்கு முன்பு போட்ட விண்ணப்பங்கள் அதில் வரும். எஃப்26பி என்று தேடிப் பார்க்கப் பத்து நிமிடம் ஆகும். உங்கள் போட்டியாளர் ஒன்றரை வருடத்துக்கு முன்னால் என்ன யோசித்துக்கொண்டிருந்தார் என்பது அதில் இருக்கும்.